தறிக்கு ஓய்வு உண்டு, தாத்தாவுக்கு உண்டா?

(கோடை முடியும் தறுவாயில், ஓரிக்கையில் நெசவாளர்களும் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

பெரியோர்களே! தாய்மார்களே! தோழர்களே!

மேடை ஏறினால் ‘பெரியோர்களே’ என்று ஆரம்பிப்பது நமது வழக்கம். அப்படி விளித்துவிட்டு, பெரியோரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கீழே இறங்குவதும் நமது வழக்கம்தான். இன்று அந்தப் பழைய கடனில் கொஞ்சம் தீர்க்கலாம் என்று வந்திருக்கிறோம்.

இந்த ஊருக்கு ஓரிக்கை என்று ஏன் பெயர் வந்தது? இங்கே இருக்கும் பாட்டிமார்கள் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். திருமழிசை ஆழ்வார் காஞ்சியில் திருவெஃகாவில் இருந்தபோது, ஒரு கிழவி தினமும் வந்து அந்த இடத்தைப் பெருக்கி மெழுகினாளாம். ஆழ்வார் மனம் இரங்கி, “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டாராம். கிழவி பொன் கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. “எனக்கு இளமை வேண்டும்” என்றாளாம். கிழவி குமரியானாள். பல்லவ ராஜா அவளை மணந்தான். நாளடைவில் ராஜாவுக்கு முதுமை வந்தது. தனக்கும் அதே வரம் வேண்டும் என்றான். தன்னைப் பாட வேண்டும் என்று ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை வற்புறுத்தினான். அவர் மறுத்தார். ராஜா ஊரை விட்டுத் துரத்தினான். சீடர் போனார், ஆழ்வாரும் போனார். பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பெருமாளும் பின்னாலேயே போய்விட்டார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம்தான் ‘ஓரிரவு இருக்கை’. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்கிறார்கள்.

கதை கதையாகவே இருக்கட்டும். நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். அந்தக் கிழவி எதற்காக இளமை கேட்டாள்? ராஜா கேட்டது சுகத்துக்காக. கிழவி கேட்டது, நாளைக்கும் வந்து துடைப்பம் பிடிக்க வேண்டுமே என்பதற்காக! உடம்பு தளர்ந்துவிட்டால் வேலை செய்ய முடியாதே என்பது அவள் கவலை. உழைத்தவளுக்கு உட்கார்ந்து சாப்பிட வழி இருந்திருந்தால் அவள் இளமை கேட்டிருப்பாளா? “அப்பாடா” என்று திண்ணையில் சாய்ந்திருப்பாள்.

அந்தக் கிழவி இன்றும் இந்தத் தெருவில்தான் இருக்கிறாள். அவளைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

கத்திரி போயிற்று, வெயில் போகவில்லை

வைகாசி கருட சேவைக்கு வந்த உறவினர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். அக்கினி நட்சத்திரமும் முடிந்துவிட்டது. ஆனால் பகலில் வெளியே தலை காட்ட முடிகிறதா? பாலாற்று மணல் இன்னும் கொதிக்கிறது. மாலையில் மேற்கே இடி இடிக்கிறது, நான்கு தூற்றல் போடுகிறது, புழுக்கத்தைக் கிளப்பிவிட்டுப் போய்விடுகிறது. பள்ளிக்கூடம் திறந்தாயிற்று.

இந்த நாட்களில் நெசவாளி வீட்டுத் தாத்தாவும் பாட்டியும் எப்படி இருக்கிறார்கள்? இருட்டோடு எழுந்துவிடுகிறார்கள். பாட்டி குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகிறாள். தாத்தா தெருவுக்கு வருகிறார். வெயில் ஏறுவதற்கு முன்னால் பாவைத் தெருவிலே நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைச் சேர்க்க வேண்டும். ஒரு முனையில் மகன், மறுமுனையில் அப்பா. எட்டு மணிக்குப் பேத்தியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் நடை. திரும்பும்போது ரேஷன் கடை வரிசை. ஐம்பது, அறுபது வருஷம் பட்டு இழையை உருட்டி உருட்டி விரல் ரேகை தேய்ந்து போயிருக்கிறது. இயந்திரத்தில் விரலை வைத்தால், “இது யாரென்று தெரியவில்லை” என்கிறது அது. சேலை கட்டிய சீமாட்டிக்கும் தெரியவில்லை, இயந்திரத்துக்கும் தெரியவில்லை.

பகலில் ஓட்டுக்குக் கீழே, தகரத்துக்குக் கீழே, பாட்டி ராட்டையின் முன்னால் உட்காருகிறாள். தார் சுற்றுகிறாள். ஒரு காலால் தூளியை ஆட்டுகிறாள். அடுப்பிலே உலை கொதிக்கிறது, அதிலும் ஒரு கண். மாலையில் வாசலுக்குத் தண்ணீர் தெளித்தால் கொஞ்சம் குளிர்ச்சி. திண்ணையில் நாலு கிழவிகள் கூடி, வெற்றிலை இடித்து, ஊர்க் கதை பேசுகிறார்கள். பேரப் பிள்ளைகளின் புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுக்கிறார் தாத்தா. இரவில் பாயை உதறித் தெருவிலே போட்டுப் படுக்கிறார்கள். கொசு ஒரு பக்கம், புழுக்கம் ஒரு பக்கம், நடுவிலே பனை விசிறி.

இதற்குப் பெயர் ஓய்வுக் காலமாம்!

“எங்களைப் பார்த்தால் ஆளாகத் தெரியவில்லையா?”

தோழர்களே, எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். இந்தக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க, நடுப்பகலில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றோம். மகனைத் தேடித்தான் போனோம். பாட்டி ராட்டையை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, “வீட்டில் யாரும் இல்லையா அம்மா?” என்று கேட்டோம்.

“ஏன் தம்பி, நாங்க ரெண்டு பேரும் இருக்கிறோமே, எங்களைப் பார்த்தா ஆளாத் தெரியலையா?” என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எங்களுக்குச் சவுக்கால் அடித்தது போலிருந்தது. எத்தனை வருஷமாக இந்தத் தெருக்களில் நடந்திருக்கிறோம்! எத்தனை கூலி உயர்வுக் கோரிக்கை மனு எழுதியிருக்கிறோம்! ஒவ்வொரு மனுவிலும் ‘நெசவாளி’ என்று எழுதினோம். தார் சுற்றும் பாட்டி என்று ஒரு வரி எழுதியிருக்கிறோமா? இல்லை. அவரும் உழைப்பாளி என்பது எங்கள் கண்ணிலும் படவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தோம். தறிக்குழியில் மகன் இல்லை, வெளியே போயிருந்தான். இடது பக்கத்தில் பெரியவர் மட்டும் உட்கார்ந்து ஜரிகை இழையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். வயது எழுபத்திரண்டு.

பேரன் இடத்தில் தாத்தா

மில் தோழர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காஞ்சிப் பட்டிலே கோர்வைச் சேலை என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே கோத்துக் கோத்துப் போக வேண்டும். மூன்று நாடா ஓடும். ஒருவர் கையால் ஆகாது. நெசவாளிக்கு இடது பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். ஒரு சேலை முடிய இரண்டு வாரம்கூட ஆகும்.

அந்த இடது பக்க இடம் ஒரு காலத்தில் யாருக்கு? குழந்தைகளுக்கு! பத்து வயது நிரம்பாத பையன்கள் அந்தப் பலகையில் உட்கார்ந்தார்கள். நாம் பார்த்த பெரியவரும் எட்டு வயதில் அங்கே உட்கார்ந்தவர்தான். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் பிறகு இயக்கங்களும் பள்ளிக்கூடங்களும் பாடுபட்டு எத்தனையோ பிள்ளைகளைத் தறியிலிருந்து மீட்டார்கள். ஆனால் 2016-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளைகள் உதவி செய்யலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள்.

அந்தக் கதவு இந்த வீட்டிலும் தட்டப்பட்டது. பேரன் ஏழாம் வகுப்பு. மே மாதத்தில் மகன், “லீவுதானே அப்பா, பையன் ஒரு மாசம் உட்காரட்டுமே” என்றானாம். மகன் கொடியவன் அல்ல. துணையாளுக்குக் கூலி கொடுத்தால் அவனுக்கு மிஞ்சுவது ஒன்றும் இல்லை. பெரியவர் என்ன சொன்னார் தெரியுமா?

“ஒரு மாசம்னுதான் எங்கப்பாவும் என்னை உட்கார வெச்சாரு. அறுபத்து நாலு வருஷம் ஆச்சு, இன்னும் எழுந்திருக்கலை. அவன் வேணாம், நான் உட்காருறேன்.”

உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் திறந்து பேரன் படிக்கப் போய்விட்டான். தாத்தா இன்னும் பலகையில்தான் இருக்கிறார். முதுகு வளைந்திருக்கிறது, கண்ணில் புரை. குழிக்குள் தொங்கவிட்ட கால் வீங்குகிறது. சட்டம் திறந்து வைத்த கதவைக் கிழவர் தன் முதுகைக் கொடுத்து அடைத்துக்கொண்டிருக்கிறார்.

தோழர்களே! ஒரு தலைமுறை படிக்க வேண்டுமென்றால் இன்னொரு தலைமுறை சாகும்வரை உட்கார்ந்திருக்க வேண்டுமா? எட்டு வயதில் பறித்த ஓய்வை எழுபத்திரண்டு வயதிலும் பறிப்பதா? இதுதான் இன்று நம் முன்னால் உள்ள கேள்வி.

மஸ்டரில் இல்லாத டிபார்ட்மெண்டு

மில் தோழர்களே! உங்கள் மில்லில் வைண்டிங் என்று ஒரு டிபார்ட்மெண்டு இருக்கிறது. வார்ப்பிங் இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மஸ்டரில் பெயர் உண்டு, சம்பளம் உண்டு, பிராவிடண்ட் பண்டு பிடித்தம் உண்டு. நூல் சுற்றுவது வேலை அல்ல என்று எந்த மானேஜராவது சொல்ல முடியுமா? சொன்னால் நீங்கள் சும்மா விடுவீர்களா?

நெசவாளி வீட்டில் பாட்டிதான் வைண்டிங் டிபார்ட்மெண்டு. தாத்தாதான் வார்ப்பிங் டிபார்ட்மெண்டு. மருமகளோ சமையற்கட்டு, குழந்தை, ராட்டை, எல்லா டிபார்ட்மெண்டும்! ஒரு சேலைக்கு நான்கு பேர் உழைப்பு. கூலியோ ஒரு சேலைக்கு இவ்வளவு என்று ஒரே கணக்கு, ஒருவர் கையில். பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, அதற்கு விலை உண்டு. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, அதற்கும் விலை உண்டு. பாட்டியின் கை ஓரிக்கையிலேயே இருக்கிறது, அதற்கு மட்டும் விலை இல்லை!

2005-ம் வருஷத்தில் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்கே சட்டப் பாதுகாப்பு வந்தது. நல்லதுதான், சந்தோஷம்தான். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த கைகளுக்கு என்ன பாதுகாப்பு?

விவசாயத் தொழிலாளித் தோழர்களே! உங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? பாலாற்றுக்கு அக்கரையில், உத்திரமேரூர்ப் பக்கத்தில், அறுபது வயதைத் தாண்டிய தாய்மார்கள் களை எடுக்கவில்லையா? 2005-ம் வருஷச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலையில் மண் சுமந்தவர்களில் பாதிப் பேர் பாட்டிகள் என்று வேடிக்கையாகச் சொல்வோமே, அது வேடிக்கையா? வயோதிக காலத்தில் வேறு வழி இல்லாததால் அல்லவா அவர்கள் கடப்பாரையைத் தேடி வந்தார்கள்!

வெயிலும் ஆள் பார்த்துத்தான் அடிக்கிறது

வெயில் எல்லோருக்கும் பொது என்பார்கள். பொய்! வயதானால் தாகம் எடுப்பது குறைகிறது, வியர்ப்பதும் குறைகிறது. உடம்பு சூடேறுவது அவர்களுக்கே தெரியாது. மயங்கி விழுந்த பிறகுதான் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியும். பக்கத்தில் யாருமே இல்லாவிட்டால்?

அமெரிக்காவில் சிகாகோ நகரம். நமது மே தினத்துக்கு ரத்தம் கொடுத்த அதே சிகாகோ. 1995 ஜூலையில் அங்கே சில நாள் கடும் வெயில் அடித்தது. 700 பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலோர் கிழவர்கள், ஏழைகள், தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர்கள். எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியல் ஆசிரியர் இதை ஆராய்ந்து 2002-ல் புத்தகம் எழுதினார். ஏழ்மையில் ஏறக்குறைய சமமான இரண்டு பகுதிகள். ஒன்றில் கடைகள் மூடி, ஜனங்கள் வெளியேறி, தெரு வெறிச்சோடிக் கிடந்தது. அங்கே சாவு அதிகம். மற்றொன்றில் கடையும் சந்தையும் ஆள் நடமாட்டமும் இருந்தன. அங்கே சாவு குறைவு.

2003 ஆகஸ்டில் பிரான்சில் வெயிலுக்குச் சுமார் 15,000 பேர் பலியானார்கள். பணக்கார தேசம்தான். ஆனால் அது ஊரெல்லாம் விடுமுறைக்குப் போகிற மாதம். கிழவர்கள் தனியாக இருந்தார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நமது திண்ணையும் ஒரு மருந்து. “என்ன ஆயா, இன்னும் கதவு திறக்கலை?” என்று எதிர்வீட்டுக்காரி போடும் சத்தம் ஒரு வைத்தியம். அதை இழந்துவிடாதீர்கள்.

ஆனால் திண்ணை மட்டும் போதும் என்று சொல்கிறவன் ஏமாற்றுக்காரன். எதிர்வீட்டுக்காரியும் காலை முதல் இரவு வரை ராட்டையில் இருந்தால் அவள் எப்போது எட்டிப் பார்ப்பாள்? குழாயில் தண்ணீர் வராவிட்டால் திண்ணை என்ன செய்யும்? 2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. அதை வரவேற்கிறோம். செத்த பிறகு கொடுப்பது நல்லது. சாகாமல் இருக்கக் கொடுப்பது அதைவிட நல்லது.

பென்ஷன் பிச்சை அல்ல

அதுதான் பென்ஷன். உலகத்தில் இது எப்போது வந்தது? ஜெர்மனியில் 1889-ல் சட்டம் போட்டார்கள். அங்கே தொழிலாளர் இயக்கம் வளர்வதைக் கண்டு பயந்த பிஸ்மார்க் போட்ட சட்டம் அது. இங்கிலாந்தில் 1908-ல் சட்டம் வந்தது. மறு வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல், எழுபது வயதான ஏழைகள் தபாலாபீசில் வாரம் ஐந்து ஷில்லிங் வரை வாங்கினார்கள்.

நமது அரசியல் சட்டத்தின் 41-வது ஷரத்து முதுமைக் கால உதவியைப் பற்றிச் சொல்கிறது. நமது மாகாணத்தில் 1962-ல் முதியோர் பென்ஷன் ஆரம்பித்தபோது மாதம் 20 ரூபாய். 1995-ல் மத்திய சர்க்கார் தேசம் முழுவதற்கும் ஒரு திட்டம் போட்டு 75 ரூபாய் கொடுத்தது. பிறகு அதை 200 ஆக்கினார்கள். 2007-ல் திட்டத்தின் பெயரை மாற்றினார்கள். எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2025 வரைக்கும் மத்திய சர்க்காரின் பங்கு அதே 200 ரூபாய்தான்! நாள் ஒன்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. ஒரு தேநீர் வாங்க முடியுமா? மாநில சர்க்கார் தன் பங்கைச் சேர்த்து, 2023 ஆகஸ்டில் மொத்தம் 1,200 ரூபாயாக உயர்த்தியது.

மில் தோழர்களுக்கு 1995 நவம்பரில் தனிப் பென்ஷன் திட்டம் வந்தது. முதலாளி கட்டும் பங்கிலிருந்தும் மத்திய சர்க்காரின் பங்கிலிருந்தும் சேரும் பணத்தில் நடக்கிற திட்டம். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்றார்கள். 2025 முடிகிற வரைக்கும் அது ஒரு பைசா ஏறவில்லை. அரிசி விலை அப்படியே நின்றதா? மாத்திரை விலை நின்றதா?

1982 டிசம்பர் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட் நகரா வழக்கில் ஒரு தீர்ப்பளித்தது. அது சர்க்கார் ஊழியர்களைப் பற்றிய வழக்கு. பென்ஷன் என்பது எஜமானன் மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல, செய்த உழைப்புக்கு உரிய உரிமை என்பது அதன் சாரம். நாம் கேட்கிறோம்: ஆபீசில் உழைத்தவருக்கு உரிமை என்றால், தறியில் உழைத்தவருக்கும் வயலில் உழைத்தவருக்கும் மட்டும் அது எப்படிப் பிச்சையாகும்? ராட்டை சுற்றியவளுக்கு அன்று கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி அல்லவா அது?

நாம் செய்ய வேண்டியவை

பேச்சு போதும். வேலைக்கு வருவோம்.

முதலாவது: நெசவாளருக்கும் மற்ற அமைப்புசாராத் தொழிலாளருக்கும் தமிழ்நாட்டில் நலவாரியங்கள் இருக்கின்றன. அறுபது வயது முடிவதற்குள் பதிவு செய்தால்தான் பிறகு பென்ஷன் கேட்க முடியும். கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்குத் தனிப் பென்ஷன் திட்டம் உண்டு. தறிக்காரன் பெயரை மட்டும் பதிந்துவிட்டு வந்துவிடாதீர்கள். தார் சுற்றும் மனைவியின் பெயரையும் பதியுங்கள். இன்று நாற்பது வயதில் இருப்பவள்தான் நாளைய பாட்டி.

இரண்டாவது: விரல் ரேகை விழாத பெரியவர்களை ரேஷன் கடையிலும் பாங்கியிலும் திருப்பி அனுப்பினால், இளைஞர் இருவர் கூடவே போய் நின்று கேட்க வேண்டும். தேய்ந்த விரல் குற்றம் அல்ல, அதுதான் உழைப்புக்குச் சாட்சி.

மூன்றாவது: தெருவுக்கு ஐந்து பேர். வெயில் தணியும் வரை பகல் பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் தனியாக இருக்கும் பெரியவர்களை எட்டிப் பாருங்கள். ஒரு சொம்பு மோர், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், அதுவே போதும். 2021-ல் காஞ்சிபுரம் மாநகராட்சி ஆகிவிட்டது. காலையில் கிழவிகள் தண்ணீருக்கு அலையாமல் தெருக் குழாயில் நேரத்துக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

நான்காவது: இனி எழுதும் கூலிக் கோரிக்கையில் தார் சுற்றுவதற்கு இவ்வளவு, கோர்வைத் துணைக்கு இவ்வளவு என்று தனித்தனியாக எழுதுவோம். பெரியவர்களுக்குத் துணையாளின் கூலி கிடைத்தால்தான், பேரனும் உட்கார வேண்டாம், தாத்தாவும் உட்கார வேண்டாம், வயது வந்த ஒரு தொழிலாளி அந்த இடத்தில் வந்து உட்காருவான்.

கடைசியாக, நம் வீட்டுக்குள் செய்ய வேண்டியது ஒன்று. “சும்மாதானே இருக்கிறீர்கள்” என்ற வார்த்தையைப் பெரியவர்களிடம் சொல்லாதீர்கள். எந்த வீட்டிலும் யாரும் சும்மா இல்லை.

தோழர்களே, அந்தப் பெரியவர் இங்கேதான் கடைசி வரிசையில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். பேரனும் பக்கத்தில் இருக்கிறான். பாட்டி வரவில்லை. நாளைக்குத் தார் வேண்டுமாம், சுற்றிக்கொண்டிருக்கிறாராம்.

அன்று மூவருக்கு இந்த ஊர் ஓரிரவு இருக்கை கொடுத்தது. நமது தாத்தா பாட்டிமார்களுக்கு ஓர் இரவு போதாது. மீதி நாள் முழுவதும் அவர்கள் நிம்மதியாக உட்கார ஓர் இருக்கை வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நமது பொறுப்பு.